சுவரொட்டி சொல்லும் நோயும் சொல்லாத நோயும்

நூல் விமர்சனம் எழுதுவோர் முதலில் நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை ஆகிய விவரங்களைத் தருவது வழக்கம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள எழுத்துக்கு அவ்விவரங்களை இப்படித்தான் தர முடியும். பெயர்: ஊருக்கு ஊர் மாறும். ஆசிரியர்: பெயர் போடுவதில்லை. பக்கம்: ஒன்று. விலை: இலவசம். கிடைக்குமிடம்: பேருந்து நிலையச் சுவர், கழிப்பிடச் சுவர், மின்கம்பம்.

ஆம், ஆண்பிள்ளைகளின் 'இரகசிய நோய்களுக்கு' மருத்துவம் செய்வதாகக் கூறும் சுவரொட்டியையும் துண்டுப் பிரசுரத்தையும்தான் சொல்கிறோம். இதெல்லாம் ஓர் எழுத்தா, இதற்கு விமர்சனம் வேறா என்று முகம் சுளிக்க வேண்டாம். மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணைக் கரையில் அமைந்த பேரூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் மக்கள் பேருந்து ஏறும் இடம். இத்தகைய ஊரில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தன் உடம்பில் நேரும் மாற்றங்களைப் பற்றித் தேடாமலே கண்ணில்பட்டுப் படிக்கும் எழுத்து எது? பெரும்பாலும் இந்தச் சுவரொட்டிதான். இப்போது அதே வாசகங்கள் கைபேசியில் காணொளிகளாகவும் வருகின்றன. சுவர் மாறியிருக்கிறது; சரக்கு மாறவில்லை.

இவ்வளவு பேர் படிக்கின்ற, படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்குகின்ற ஓர் எழுத்தை ஆராயாமல் விடுவது முறையன்று. ஆகவே அதனை ஒரு நூலைப் படிப்பதுபோலவே படித்துப் பார்ப்போம்.

அதன் நடை

இவ்வகைப் பிரசுரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை. முதலில் ஒரு பட்டியல் வரும்: உடல் மெலிவு, கன்னம் ஒட்டுதல், ஞாபக மறதி, படிப்பில் கவனமின்மை, கை கால் நடுக்கம், முதுகுவலி, சிறுநீரில் வெண்மை, தூக்கத்தில் விந்து வெளிப்படுதல். அடுத்து ஒரு காரணம்: 'இளமையில் செய்த தவறு'. பிறகு ஒரு தீர்ப்பு: நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இல்லறத்துக்குத் தகுதியின்மை. கடைசியில் ஒரு தங்கும் விடுதியின் பெயர், மாதத்தில் ஒரு தேதி, 'இரகசியம் காக்கப்படும்' என்ற உறுதிமொழி.

பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பதினைந்து வயதில் பையன்கள் திடீரென்று உயர்கிறார்கள். வேகமாக வளரும் ஆண்டில் 9 அல்லது 10 சென்டிமீட்டர்கூட உயரம் கூடும். எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கும். ஆகவே மெலிவாகத் தோன்றுவார்கள். தேர்வுக்கு முன் யாருக்குத்தான் மறதி வரவில்லை? ஆசிரியர் எழுப்பி நிறுத்தினால் யாருக்குத்தான் கை நடுங்கவில்லை? இது நோய்க்குறிகளின் பட்டியல் அன்று. பருவ வயதின் பட்டியல். எவன் படித்தாலும் நான்கைந்து பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதிய வார பலனைப் படித்துவிட்டு, 'எனக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறதே' என்று வியப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அடுத்து, 'தவறு' என்ற சொல். மருத்துவத்தில் காரணம் உண்டு, கிருமி உண்டு, குறைபாடு உண்டு. தவறு என்பது நீதிமன்றச் சொல். நோயாளியை முதலில் குற்றவாளி ஆக்கிவிட்டால் அவன் கேள்வி கேட்கமாட்டான். கட்டணத்தை அபராதம் என்று எண்ணிக் கட்டிவிடுவான். 'இரகசியம்' என்ற சொல்லின் வேலையும் இதுவே. நல்ல மருத்துவரும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பார். ஆனால் அதனை விளம்பரம் செய்யமாட்டார். இங்கே அந்தச் சொல், பையன் தந்தையிடமோ ஆசிரியரிடமோ வேறு மருத்துவரிடமோ போய் இன்னொரு முறை கேட்டுவிடாதபடி கதவைச் சாத்துகிறது.

நடை இப்படி. இனிப் பொருளுக்கு வருவோம்.

ஒரு துளிக்கு நாற்பது துளியா?

இந்தப் பிரசுரங்களின் அடித்தளமாக ஒரு கணக்கு இருக்கிறது. நாற்பது துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து ஆகிறதாம். ஆகவே விந்து வெளியேறினால் உயிர்ச்சத்தே வெளியேறுகிறதாம். சிலர் அறுபது என்பர். சிலர் நூறு என்பர். நாம் சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முறை வெளிப்படும் விந்தின் அளவு பொதுவாக 2 முதல் 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். 3 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், பிரசுரக் கணக்கின்படி 120 மில்லிலிட்டர் இரத்தம் செலவாகியிருக்க வேண்டும். வாரம் இருமுறை நேர்ந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். 50 கிலோ எடையுள்ள பையனின் உடம்பில் இருப்பதே சுமார் மூன்றரை லிட்டர் இரத்தம்தான். இரத்ததானம் செய்யும் ஆடவர், ஒருமுறை 350 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு அடுத்த தானத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பிரசுரக் கணக்கு மெய்யாயின், ஊரில் பாதிப் பையன்கள் மாதந்தோறும் மூன்று தானம் செய்துகொண்டிருக்க வேண்டும்! அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவு சரிந்து, இரத்தப் பரிசோதனையில் உடனே காட்டிக்கொடுத்திருக்கும். அப்படி ஒன்றும் நேர்வதில்லை.

உண்மையில் இரத்தம் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. விந்தணுக்கள் விதைகளில் உருவாகின்றன. விந்து என்னும் நீர்மத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது. விந்தணுக்களின் பங்கு நூற்றில் சில பகுதிகளே. எஞ்சியது நீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம், துத்தநாகம் முதலிய சில உப்புகள். உமிழ்நீரைப் போல இதுவும் ஒரு சுரப்புநீர். 3 மில்லிலிட்டரில் உள்ள புரதம் சுமார் 150 மில்லிகிராம். சத்துணவில் தரும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதாவது, இழப்பு ஒரு முட்டையில் நாற்பதில் ஒரு பங்கு. பிரசுரக்காரருக்கு நாற்பது என்ற எண்ணின் மீது அவ்வளவு பற்று என்றால், இந்த நாற்பதை எழுதிக்கொள்ளட்டும்.

இரவில் நடப்பது என்ன?

பருவம் எய்தியபின் விதைகள் இடைவிடாது விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதத்துக்கு மேலாகும். ஆனால் கோடிக்கணக்கானவை வரிசையில் நிற்பதால் உற்பத்தி நிற்பதில்லை. தேங்கியவற்றுள் ஒரு பகுதி சிதைந்து உடம்பிலேயே உட்கவரப்படும். மற்றொரு பகுதி, கனவு காணும் உறக்கநிலையில் தானாக வெளியேறிவிடும். 'சொப்பன ஸ்கலிதம்' என்று பிரசுரங்கள் அச்சுறுத்தும் பெயரில் சொல்வது இதனைத்தான். இது நோயன்று; உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதற்கான அறிகுறி. பெண்பிள்ளைகள் பருவம் எய்தினால் மஞ்சள் நீராட்டி ஊருக்கே சொல்கிறோம். ஆண்பிள்ளைகளின் பருவ அறிகுறியை அவர்களுக்கே சொல்லாமல் விடுகிறோம். சிலருக்கு வாரம் ஒருமுறை நேரும். சிலருக்கு மாதம் ஒருமுறை. சிலருக்கு நேராமலே போகும். எதுவும் குறையன்று.

கைப்பழக்கத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அதனால் கண்பார்வை மங்குவதில்லை, நினைவாற்றல் குறைவதில்லை, உறுப்பு சிறுத்துப்போவதில்லை, பிற்காலத்தில் பிள்ளைப்பேறு தடைப்படுவதில்லை. படிப்பையும் விளையாட்டையும் உறக்கத்தையும் விழுங்கும் அளவுக்கு எந்தப் பழக்கம் போனாலும் அதனைக் கவனிக்க வேண்டியதுதான். அது சீட்டாட்டத்துக்கும் கைபேசிக்கும் பொருந்தும் அதே அறிவுரையே.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். பெரியோர் பலரும் பிரமசரியத்தை வற்புறுத்தவில்லையா? காந்தியடிகளே 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது எழுதிய உடல்நல நூலில் விந்தைக் காப்பதால் வலிமை பெருகும் என்றாரே? உண்மைதான். ஒருவர் தம் கொள்கையின் பொருட்டுப் புலனடக்கம் மேற்கொள்வது அவருடைய அறம். அதனை நாம் மதிக்கலாம். ஆனால் உடலியல் கேள்விக்கு விடை சோதனையிலிருந்து வர வேண்டுமேயன்றி, சொன்னவருடைய பெருமையிலிருந்து அன்று. மேலும், காந்தியடிகள் யாருக்கும் இலேகியம் விற்கவில்லை.

இது நம் ஊர் மூடநம்பிக்கை மட்டுமா?

'படிக்காத மக்களின் மூடநம்பிக்கை' என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. அதுவும் சரியன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் 'ஒனானியா' என்ற சிறு நூல் ஒன்று பெயர் போடாமல் வெளிவந்தது. கைப்பழக்கத்தால் விளையும் கேடுகளை அச்சம் தரும் வகையில் அடுக்கிவிட்டு, அவற்றைத் தீர்க்கும் மருந்துநீரும் தூளும் எங்கே கிடைக்கும் என்றும் அது சொன்னது. நம் பேருந்து நிலையப் பிரசுரத்தின் முப்பாட்டன் அதுவே எனலாம். 1760-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் தீசோ, ஓர் அவுன்சு விந்து இழப்பது நாற்பது அவுன்சு இரத்தம் இழப்பதைவிடக் கேடு என்று எழுதினார். பேர்பெற்ற மருத்துவர் எழுதியதால் ஐரோப்பா முழுவதும் நூறாண்டுக்கு மேல் அதனை நம்பியது. நாற்பது என்ற எண் அங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டு மருத்துவ நூல்களில் உடம்பின் ஏழு தாதுக்களுள் இறுதியானதாகச் சுக்கிலம் சொல்லப்படுகிறது. அந்தப் பழைய கருத்தும் மேலைநாட்டு அச்சமும் கைகோத்தபோது விளம்பரத்துக்கு நல்ல விளைநிலம் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குஜராத்தின் ஜாம்நகரில் செய்யப்பட்ட 'ஆதங்க நிக்ரக' மாத்திரைகளின் விளம்பரம் இந்தியாவெங்கும் பத்திரிகைகளில் இடம்பெற்றது.

1960-இல் மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக், இந்த அச்சத்தால் மட்டுமே நோயாளியாகி வரும் இளைஞர்களின் நிலையை ஆராய்ந்து, அதற்குத் 'தாது நோய்க்குறித்தொகுப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சோர்வு, பசியின்மை, படபடப்பு, குற்ற உணர்வு, இவற்றுக்கெல்லாம் விந்து இழப்பே காரணம் என்ற அசையாத நம்பிக்கை: இவையே அதன் குறிகள். உடம்பில் தேடினால் ஒன்றும் அகப்படாது. மனத்தில் தேடினால் கவலையும் சோர்வும் அகப்படும். 1992-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பத்தாம் நோய்ப் பட்டியலிலும் இது குறிப்பிடப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பிரசுரம் சொல்லும் நோய் இல்லை. ஆனால் பிரசுரத்தைப் படித்து அஞ்சுவதால் வரும் நோய் இருக்கிறது.

சிறுநீரின் வெண்மையும் நரம்பின் தளர்ச்சியும்

'சிறுநீரில் தாது கலந்து போகிறது' என்பது பையன்களை மிகவும் கலங்கவைக்கும் வாசகம். கண்ணால் காண்பதால் நம்பாமலும் இருக்க முடிவதில்லை. ஆனால் பெரும்பாலும் அந்த வெண்மை பாஸ்பேட் உப்பு. உணவுக்குப் பின் சிறுநீர் சிறிது காரத்தன்மை அடையும்; அப்போது அதில் கரைந்திருந்த பாஸ்பேட் பிரிந்து பால்போலக் கலங்கும். வெயிலில் திரிந்து நீர் குறைவாகக் குடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இதில் சில துளி அசெட்டிக் அமிலம் விட்டால் கலங்கல் தெளிந்துவிடும். விந்தாக இருந்தால் தெளியாது. எரிச்சல், காய்ச்சல், சீழ், இரத்தம் ஆகியவை சேர்ந்திருந்தால் மட்டும் அது தொற்றாக இருக்கலாம். மருத்துவரைக் காண வேண்டும்.

'நரம்புத் தளர்ச்சி' என்பது இன்னொரு பெரிய சொல். 1869-இல் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்டு இப்படி ஒரு நோய்ப்பெயரைப் பரப்பினார். பெயர் பரவியதே தவிர, அது குறிக்கும் தனி நோயை எவராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியல் அதனைக் கைவிட்டுவிட்டது. நம் சுவர்கள் மட்டும் இன்னும் கைவிடவில்லை.

அப்படியானால் களைப்பு பொய்யா? இல்லை, களைப்பு மெய். அதன் காரணத்தைத்தான் பிரசுரம் மாற்றிச் சொல்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணம். மற்றொன்று கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் பாதத்தோல் வழியே இதன் இளம்புழு நுழைந்து, கடைசியில் குடலைப் பற்றிக்கொள்கிறது. நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை உறிஞ்சும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர்; மாதத்துக்கு 90. கரும்புத் தோட்டத்திலும் நெல்வயலிலும் செருப்பின்றி வேலை செய்யும் பையனின் இரத்தம் மெய்யாகவே களவு போகிறது. களவாடுவது அவனுடைய 'தவறு' அன்று. குடலில் இருக்கும் புழு. இதற்கான மருந்து ஒரே ஓர் அல்பெண்டசோல் மாத்திரை. தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலேயே இலவசமாகத் தருகிறார்கள். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை திட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் உரியது.

பட்டியலில் இல்லாதவை

ஒரு நூலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, என்ன விடுபட்டிருக்கிறது என்று காண்பதும் விமர்சகர் கடமை. இப்பிரசுரங்களின் மிகப் பெரிய குற்றம் அவற்றில் இல்லாததில்தான் இருக்கிறது.

முதலாவது, விதை முறுக்கு. விதையைத் தாங்கும் நாளக்கொடி திடீரெனத் திருகிக்கொள்ள, இரத்த ஓட்டம் நின்றுவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் இது அதிகம். உறக்கத்திலேயேகூட நேரும். ஒரு பக்கத்தில் பொறுக்க முடியாத வலி, வீக்கம், குமட்டல், வாந்தி ஆகியவை குறிகள். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து திருப்பினால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் இழக்க நேரிடும். ஆனால் பையன் என்ன செய்கிறான்? வெட்கப்பட்டு, 'வயிற்று வலி' என்கிறான். வீட்டில் கஷாயம் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்த ஆறு மணி நேரம் கழிந்துவிடுகிறது.

இளம் வாசகரே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைப்பதானால் இதனை வையுங்கள்: விதையில் திடீர் வலி என்றால், அது எந்த நேரமாயினும், அம்மாவிடமோ அப்பாவிடமோ அந்த உறுப்பின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். திருவண்ணாமலையிலும், 2022-இல் திறக்கப்பட்ட கல்லூரியைக் கொண்ட கள்ளக்குறிச்சியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கல்வராயன் மலையூர்களில் இருப்போர் பயணத்துக்கே நேரம் செல்லும் என்பதால் இன்னும் விரைந்து புறப்பட வேண்டும்.

இரண்டாவது, வலியில்லாத கட்டி. விதையில் கல்போன்ற கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு விதை பைக்குள் இறங்காமலே இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். விதைப் புற்றுநோய் இளைஞர்களுக்கு வரக்கூடியது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும். ஒரு விதை மற்றதைவிடச் சிறிது தாழ்ந்திருப்பது மட்டும் இயல்பே; அதற்கு அஞ்ச வேண்டாம்.

மூன்றாவது, நோயல்லாத ஒரு துன்பம். தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில், திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டைக்கு எழுந்தருள்கிறார். ஊரே ஆற்றில் இறங்கும். சட்டையைக் கழற்ற மறுத்துக் கரையிலேயே நிற்கும் பையன் யாரேனும் இருந்தால் கேலி செய்யாதீர்கள். பருவ வயதில் ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு மார்பில் சிறு வீக்கமோ வலியோ தோன்றுகிறது. ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் எல்லார் உடம்பிலும் உண்டு. அவற்றின் விகிதம் சமன்படும் வரை இப்படி இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானே மறையும். தொடர்ந்து பெருத்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்கலாம். முகப்பருவும் இத்தகையதே. எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோனால் தூண்டப்படுவதால் வருவது, தீயொழுக்கத்தால் அன்று. மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அவை முகத்தை முதலில் வெளுக்கவைத்துப் பின்னர் புண்ணாக்கும். அதுதான் அஞ்சத்தக்கது.

நான்காவது, மனச்சோர்வு. பிரசுரம் இதனைக் குறிப்பிடுவதே இல்லை. குறிப்பிட்டால் தானே அதற்குக் காரணம் என்பது வெளிப்பட்டுவிடும். 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு 7 பேருக்கு மனநலக் குறைபாடு ஒன்று இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு அல்லது மூன்று பேர் என்று இது பொருள்படும். 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் எல்லா வயதிலும் சேர்த்து 1,64,033 பேர். அவர்களில் 1,18,979 பேர் ஆண்கள். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று ஐந்து வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்க்கிறோம். அழத் தெரியாதவனுக்குச் சொல்லவும் தெரியாமல் போகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, உறக்கமின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது மனவலிமைக் குறைவு அன்று. மருத்துவம் உள்ள ஒரு நோய். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சட்டமும் சுவரும்

இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே இயற்றப்பட்டது. இன்ப நுகர்ச்சித் திறனைப் பெருக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதை அதன் 3-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அம்தர்து தவாகானா வழக்கில், இத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்பில் வராது என்றும் கூறிவிட்டது.

ஆயினும் சுவர் சுத்தமாகவில்லை. பல பிரசுரங்களில் மருந்தின் பெயரே இருப்பதில்லை என்பதைப் பாருங்கள். நோயின் பெயரும் விடுதியின் பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். மருந்து அறைக்குள் கைமாறும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மூலிகை என்று விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் சில்டெனாஃபில் என்ற இரசாயன மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. இதனால் முறையாகக் கற்றுப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். விடுதி அறை வணிகத்தால் அவர்கள் பெயரும்தான் கெடுகிறது.

பிரசுரத்தின் ஒரே சிறப்பு

நேர்மையான விமர்சனம் எதிரியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரசுரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அது பையனோடு நேராகப் பேசுகிறது. அவன் இரவில் எதை எண்ணிக் கவலைப்படுகிறானோ அதனை அவனுக்குத் தெரிந்த சொல்லிலேயே சொல்கிறது. நல்லவர்கள் செய்யாத வேலையை அது செய்கிறது.

நம் தரப்பைப் பாருங்கள். இனப்பெருக்க மண்டலப் பாடத்தில் உறுப்புகளின் படம் இருக்கிறது. பாகங்களைக் குறிக்கச் சொல்லி மதிப்பெண் தருகிறோம். வகுப்பில் அந்தப் பாடம் வந்ததும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கடந்துவிடும் ஆசிரியர் எத்தனை பேர்? 2014 ஜனவரியில் மத்திய அரசு 10 முதல் 19 வயதினருக்கென்று தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. உணவு, பாலியல் நலம், மனநலம், போதைப் பழக்கம், காயமும் வன்முறையும், தொற்றா நோய்கள் என ஆறு பொருள்களை அதில் வைத்தது. அதன் கீழ் வளரிளம் பருவ மருத்துவ ஆலோசனைப் பிரிவுகளும் ஏற்படுத்தப்பட்டன. நல்ல திட்டம். ஆனால் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒருமுறை சுற்றி வந்து எண்ணிப் பாருங்கள். விடுதி வைத்தியரின் தாள் எத்தனை? அரசு ஆலோசனைப் பிரிவு எந்தக் கிழமையில் எங்கே நடக்கிறது என்று சொல்லும் தாள் எத்தனை?

இந்தக் கணக்கு மாறாத வரை பையன்கள் பொய்யைத்தான் படிப்பார்கள். பொய்யைக் கிழித்தெறிவதால் மட்டும் பயனில்லை. அந்த இடத்தில் மெய்யை ஒட்ட வேண்டும். பள்ளி அறிவியல் மன்றங்கள் இதனைச் செய்யலாம். பத்து வரி போதும்: இரவில் நேர்வது நோயன்று, வெண்மை பெரும்பாலும் உப்பு, களைப்புக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள், செருப்பு அணி, விதையில் திடீர் வலி என்றால் ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனை, மனம் தாங்காவிட்டால் 14416. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டித் திருத்தி, பள்ளி விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள்.

ஆண்மை என்ற சொல்லைப் பிரசுரம் மிகுதியாகப் பயன்படுத்துகிறது. தன் உடம்பைப் பற்றிய உண்மையை அறிந்துகொள்வதும், வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதும் அந்தச் சொல்லுக்கு நாம் தரக்கூடிய நல்ல பொருள். அதற்கு எந்த இலேகியமும் தேவையில்லை.